டொமேன் லெஃப்லேவ்: வாங்குவோரும் பரிமாறுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் பர்கண்டி பகுதி வெள்ளை ஒயின்களில் புலினி-மொன்ராஷே ஊரின் டொமேன் லெஃப்லேவுக்குத் தனி இடம் உண்டு. விலையும் அதற்கேற்ப அதிகம். அத்தனை கொடுத்து வாங்கியும் ஏமாற்றமடைவோர் பலர். தவறு பெரும்பாலும் லேபிளைப் படிப்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

லெஃப்லேவ் என்ற பெயரில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. டொமேன் லெஃப்லேவ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் லெஃப்லேவ் நிலம் சேர்த்து உருவாக்கிய குடும்பத் தோட்டம். ஒலிவியே லெஃப்லேவ் என்பது அதே குடும்பத்தவர் 1984-இல் தொடங்கிய வேறு நிறுவனம். பிற விவசாயிகளின் திராட்சையையும் வாங்கி ஒயின் தயாரிப்பது. அதுவும் நல்ல ஒயின்தான், ஆனால் ஒன்றின் விலையில் மற்றதை வாங்கிவிடக் கூடாது.

'மொன்ராஷே' என்ற சொல்லும் பலரை ஏமாற்றும். மொன்ராஷே என்பது சுமார் 8 ஹெக்டேர் கொண்ட ஒரு தனி நிலம், கிரான் க்ரூ எனப்படும் மிக உயர்ந்த தரநிலையைச் சேர்ந்தது. அதன் புகழுக்காகவே புலினி ஊர் 1879-இல் அப்பெயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எனவே வெறும் 'புலினி-மொன்ராஷே' என்றிருந்தால் அது ஊர்நிலை ஒயின். கூடவே புசெல், க்ளவ்வாயோன் போன்ற நிலப்பெயரும் 'ப்ரெமியே க்ரூ' என்ற குறிப்பும் இருந்தால் அடுத்த படி. ஷெவாலியே-மொன்ராஷே, பாத்தார்-மொன்ராஷே எல்லாம் கிரான் க்ரூ. மொன்ராஷேயிலேயே இக்குடும்பத்துக்கு இருப்பது சுமார் 0.08 ஹெக்டேர் மட்டும். மாக்கோன்-வெர்ஸே என்ற புட்டி தெற்கே உள்ள வேறு பகுதியிலிருந்து வருவது. முதன்முறை வாங்குவோருக்கு அதையே பரிந்துரைப்போம்.

அடுத்தது, எத்தனை ஆண்டு வைத்தாலும் நன்றாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை. பணத்தை அதிகம் வீணாக்குவது இதுதான். 1990-களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து பர்கண்டி முழுவதும் வெள்ளை ஒயின்கள் உரிய காலத்துக்கு முன்பே ஆக்ஸிஜனேற்றமடைந்து கெட்டன. சீரற்ற கார்க், ஒயினைக் காக்கச் சேர்க்கும் கந்தகத்தின் குறைவு, திராட்சை பிழியும் முறையில் வந்த மாற்றம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே பெட்டியில் ஒரு புட்டி பளிச்சென்றும் பக்கத்துப் புட்டி செத்தும் இருக்கும். டொமேன் லெஃப்லேவ் 2014 அறுவடையிலிருந்து டியாம் கார்க்குக்கு, அதாவது சுத்திகரித்த கார்க் துகள்களை அழுத்திச் செய்யும் சீரான மூடிக்கு, மாறியது. அதற்கு முந்தைய புட்டியானால் வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சள் நல்லது, அடர் பொன்னிறமும் பழுப்பும் ஆபத்து. திறந்ததும் அடிபட்ட ஆப்பிள் வாடையோ ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் வாடையோ வந்தால் அது மீளாது. ஊர்நிலை ஒயினை 4 முதல் 8 ஆண்டுக்குள்ளும், ப்ரெமியே க்ரூவை 12 ஆண்டுக்குள்ளும் குடித்துவிடுவது பாதுகாப்பு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இளம் புட்டியைத் திறந்ததும் வரும் தீக்குச்சி உரசிய வாடையைக் கெட்டுப்போனதாக எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். அது ஆக்ஸிஜன் குறைவால் வரும் கந்தகச் சேர்மங்களின் மணம். அகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டால் தணியும். நனைந்த அட்டை வாடை வேறு. அது கார்க்கின் கோளாறு, காற்றுப் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். புட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றுவது மிகப் பரவலான பிழை. 4 டிகிரியில் மணம் மூடிக்கொள்ளும். புளிப்பும் ஓக் மரத்தின் கசப்பும்தான் நாக்கில் நிற்கும். ஊர்நிலை ஒயினை 11, கிரான் க்ரூவை 13 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். ஐஸ் வாளியில் புட்டியை மூழ்கவிட வேண்டாம். வாய் அகன்ற, வயிறு பெருத்த கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.

வினிகர் சாலட்டும் மிளகாய்க் காரமும் இதற்கு எதிரி. சிங்கி இறால், வெண்ணெயில் வாட்டிய மீன், க்ரீமில் வெந்த கோழி, கோன்தே சீஸ் பொருந்தும்.

ஆன்-க்ளோட் லெஃப்லேவ் 1990-களில் இத்தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் என்ற ஒருவகை இயற்கை வேளாண் முறைக்கு மாற்றினார். அதனால் இதில் கந்தகமே இல்லை என்று நினைக்கக் கூடாது. சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிர்க்கவே வேண்டும்.