கோழிக்குஞ்சுத் தீவனத்தில் என்சைம்: காசு கரையும் இடங்கள்

மக்காச்சோளம் விலை ஏறினால் நாமக்கல், பல்லடம் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்கள் கம்பு, குருணை, கோதுமை என்று மாற்றுத் தானியம் தேடுவார்கள். கூடவே ஒரு பாக்கெட் என்சைமும் வந்து சேரும். அதை டானிக் மாதிரி "போட்டால் நல்லதுதானே" என்று கொட்டுவதுதான் முதல் தவறு. என்சைம் சத்து அல்ல. குஞ்சால் உடைக்க முடியாததை உடைத்துக் கொடுக்கும் வேலையாள். உடைக்க வேண்டிய பொருள் தீவனத்தில் இல்லையென்றால் வேலை நடக்காது, கூலி மட்டும் போகும்.

கோதுமையில் அராபினோசைலான் என்ற நார்ப்பொருள் உண்டு. அது குடலில் கரைந்து, உள்ளே இருப்பதைக் கூழாக்கிவிடும். கூழுக்குள் மாட்டிய மாவும் கொழுப்பும் செரிக்காமலே வெளியேறும். எச்சம் பிசுபிசுவென்று பின்புறத்தில் ஒட்டும், கொட்டகைத் தரையில் விரித்த லிட்டர் நனையும். வளர்ந்த கோழி இதை ஓரளவு சமாளிக்கும்; குடல் இன்னும் முதிராத குஞ்சால் முடியாது. இங்கே அந்த நாரை உடைக்கும் சைலனேஸ் என்ற என்சைம் நன்றாகக் கைகொடுக்கும். பார்லி என்றால் பீட்டா குளூக்கனேஸ். ஆனால் மக்காச்சோளம், சோயா மட்டுமே உள்ள தீவனத்தில் இந்தக் கூழ்த்தொல்லை குறைவு. கோதுமையில் கிடைத்த பலனை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கொத்தவரை கொர்மா (கொத்தவரை விதையில் பிசின் எடுத்த பின் மிஞ்சும் புரதத் தூள்) சேர்ப்பவர்களுக்கு வேண்டியது மன்னனேஸ். சைலனேஸ் அதைத் தொடாது.

எந்தத் தானியமானாலும் வேலை இருப்பது ஃபைட்டேஸுக்கு. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குஞ்சால் எடுக்க முடியாத ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் ஃபைட்டேஸ். தவிட்டில் இது இன்னும் அதிகம். சரி, கணக்குக்கு வருவோம். கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் (என்சைமின் வீரிய அளவு) போட்டால் சுமார் 0.1% பாஸ்பரஸ் விடுபடும். டன்னுக்கு 1 கிலோ. பாஸ்பரஸுக்காக நாம் சேர்க்கும் டி.சி.பி.யில் (டைகால்சியம் பாஸ்பேட்) பாஸ்பரஸ் 18% அளவு என்பதால், டன்னுக்கு ஐந்தரை கிலோ டி.சி.பி. மிச்சம்.

தவறுகள் இங்கேதான் குவிகின்றன. சிலர் ஃபைட்டேஸைப் போட்டுவிட்டு டி.சி.பி.யைக் குறைக்கவே மாட்டார்கள், செலவு இரட்டிப்பு. இன்னும் சிலர் குறைத்த இடத்தை அதே எடைக்குச் சுண்ணாம்புக்கல் தூளால் நிரப்புவார்கள். டி.சி.பி.யை விட அதில் கால்சியம் மிக அதிகம். கால்சியம் கூடினால் ஃபைட்டேட் அதோடு இறுகிக்கொள்ளும், ஃபைட்டேஸின் வேலை படுத்துவிடும். நான் இதை ஒரு தடவை செய்து, இரண்டாவது வாரத்தில் குஞ்சுகள் கால் மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்புறம், மூன்று என்சைம் பாக்கெட்டுகளிலும் அச்சிட்டிருக்கும் எரிசக்தி மிச்சத்தை வரிசையாகக் கூட்டி, எண்ணெயை அவ்வளவும் வெட்டுவது. ஒரே மாவிலிருந்து மூன்று முறை சத்து எடுக்க முடியாது. அதிலும் குஞ்சுத் தீவனத்தில் கொஞ்சம் கையை அடக்கிக் குறைப்பதே என் பழக்கம். கால் வளைந்த குஞ்சை நிமிர்த்துவது லேசில்லை.

பாக்கெட் மாறினால் அளவும் மாறும். கிராமுக்கு 5000 யூனிட் உள்ளதை டன்னுக்கு 100 கிராம் போட்டவர், 2500 யூனிட் சரக்கையும் அதே 100 கிராம் போட்டால் பாதிதான் போகிறது. பெயரைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள்.

மேஷ், அதாவது அரைத்த மாவாகவே தீவனம் கொடுப்பவர்களுக்குச் சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் கிரம்பிள், பெல்லட்டாக அழுத்திப் பிறகு உடைத்தது. நீராவியில் 80 டிகிரிக்கு மேல் போகும்போது சாதாரண என்சைம் செத்துவிடும். சூடு தாங்கும் பூச்சுள்ளதை வாங்க வேண்டும், இல்லையேல் பெல்லட் ஆறிய பிறகு திரவமாகத் தெளிக்க வேண்டும்.

100 கிராமை நேராக ஒரு டன் மிக்ஸருக்குள் வீசாதீர்கள். ஐந்து, பத்து கிலோ சோள மாவில் முதலில் கலந்து பிறகு போடுங்கள். தீவனத்தில் சேர்க்கும் சத்துப்பொருளான கோலின் குளோரைடோடு முன்கூட்டியே கலந்து வைப்பதும் வேண்டாம். அது ஈரத்தை இழுக்கும், என்சைம் வீரியம் இழக்கும்.

பூஞ்சை பிடித்த சோளத்துக்கு மருந்தாக யாராவது ஃபைட்டேஸோ சைலனேஸோ விற்க வந்தால் வாங்காதீர்கள். பூஞ்சை விடும் நஞ்சான அஃப்ளடாக்சினை அவை ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி, லோடு இறங்கும்போதே மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்க்கலாம்.