பழவேற்காடு போனால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள்

ஊருக்கு வரும் நம் ஆட்கள் பலர் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கவும் மீன் சாப்பிடவும் போய்விட்டு, ஊருக்குள்ளேயே இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தை வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ அங்கே போவதற்கே முதல் காரணம் அந்தக் கல்லறைத் தோட்டம்தான்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். கார் எடுத்தால் போக்குவரத்து நெரிசலுக்கு முன்பே சென்னையை விட்டுக் கிளம்புங்கள். எப்படிப் போனாலும் காலையிலேயே போய்ச் சேருவது முக்கியம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ஒவ்வொன்று நிற்கிறது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு பொறுமையான வேலை. கூடவே மணற்கடிகாரமும் இருக்கும், 'உன் நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்று உள்ளே வருபவனுக்குச் சொல்வதற்காக. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பயப்பட மாட்டார்கள், கேள்விதான் கேட்பார்கள்.

உள்ளே 76 கல்லறைகள். ஊசிக்கோபுரம் மாதிரி சில, குவிமாடம் வைத்துக் கட்டியவை சில, மீதி தரையோடு கிடக்கும் பலகைக்கற்கள். பலகைக்கற்களில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எழுத்துகள் குழித்து வெட்டியவை அல்ல, புடைப்பாகச் செதுக்கியவை. உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும், காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை: 'ஹியர் லெய்ட் பெக்ராவன்' என்றால் 'இங்கே அடக்கம்', 'அன்னோ' என்றால் ஆண்டு, 'அவுட்' என்றால் வயது. இந்த மூன்றை வைத்தே பாதிக் கதையைப் பிடித்துவிடலாம். எழுத்து தெரியவில்லையென்று சுண்ணக்கட்டி, மாவு எதையும் தேய்க்காதீர்கள், செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

யார் இவர்கள்? டச்சுக்காரர்கள், ஈழத்து வாசகர்களுக்கு ஒல்லாந்தர் என்றால் உடனே புரியும். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களுக்குக் கல் கிடையாது. குடும்பச் சின்னம் பொறித்த பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள், முள் இருக்கும். தண்ணீர் கையில் வேண்டும். கேட் பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் பக்கத்தில் விசாரியுங்கள். கோட்டையைத் தேடிப் போனால் புதரும் மேடும்தான், பத்து நிமிடம் போதும். ஏரியில் படகு ஏறுவதானால் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள், 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இன்னும் பார்க்க ஆசை இருந்தால், மாமல்லபுரம் போகிற நாளில் இன்னும் கொஞ்சம் தெற்கே, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ளும் ஒரு டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, சின்னதுதான், ஆனால் அங்கேயும் காலையிலேயே போங்கள்.