மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்காரர்களுக்குப் பாதயாத்திரை என்றாலே பழனிதான். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டி வருபவை. நிலா வெளிச்சத்தில், வெயிலுக்குத் தப்பி, இரவெல்லாம் நடந்து பழகிவிட்டோம். அதே கணக்கோடு மேட்டூர், கொளத்தூர் வழியாகக் கர்நாடகத்தில் உள்ள மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் புறப்படுவதுதான் பெரிய தவறு. அங்கே கூட்டம் சேரும் மகா சிவராத்திரி, யுகாதி, தீபாவளி மூன்றுமே அமாவாசையை ஒட்டியவை. காரைக்காடு சோதனைச்சாவடியைத் தாண்டி, மாநில எல்லையில் ஓடும் பாலாற்றைக் கடந்தால் கர்நாடகக் காடு. கும்மிருட்டில் யானையும் சிறுத்தையும் நடமாடும் இடம் அது.

ஊர்ப்புறத்தில் விடிவதற்கு முன்பே நடையைத் தொடங்குவது நல்லதுதான். காட்டில் அது கூடாது. காட்டுக்கு முந்தைய கடைசி ஊரில் தங்கி, நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். பொழுது சாய்வதற்குள் மலையேற முடியாது என்று தெரிந்தால் பஸ் ஏறிவிடுங்கள். அதனால் வேண்டுதல் குறைந்துவிடாது.

கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர்க்க ஒற்றையடிப் பாதையில் இறங்குவது இளைஞர்களின் வழக்கம். அந்தத் தடங்களில் பலவும் யானைகள் நடந்து போட்டவை. வழியில் ஈரம் காயாத யானைச் சாணம் கிடந்தாலோ, மூங்கில் முறியும் சத்தம் கேட்டாலோ, நின்று பின்வாங்குங்கள். செல்போனை எடுத்துப் படம் பிடிக்க நிற்காதீர்கள். மாலையில் பாலாற்றங்கரையில் குளிக்க உட்காருவதும் ஆபத்து; விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது.

சிவராத்திரி சமயத்தில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். மரத்தடியில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்துவிடுகிறார்கள். மூன்று கல் கூட்டிச் சமைத்த அடுப்பில் தணல் அணைந்ததா என்று பார்ப்பதில்லை. ஒரு காற்று அடித்தால் மலைச்சரிவே எரிந்துவிடும். பக்தியின் பெயரால் நடக்கும் இந்த அலட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கற்பூரத்தைக் கோயிலில் ஏற்றுங்கள். சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள். குரங்குக்குப் பழமும் பிஸ்கட்டும் போட வேண்டாம். பாலித்தீன் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கால் விஷயம் எளிது. புதுச் செருப்பு வேண்டாம். விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் உச்சிவெயிலில் தார்ச்சாலையில் இறங்காமல் நிழலில் ஒதுங்கலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். உப்புப் போட்ட மோரும் சேர்த்துக் குடியுங்கள்.

காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அதனால் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பொறுப்பை ஒப்படைத்து, குழுவாகவே நடக்க வேண்டும். நடந்து செல்வோருக்கான கட்டுப்பாடுகள் அவ்வப்போது மாறும். புறப்படுவதற்கு முன்பே கோயில் நிர்வாகத்திடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம்.