வீட்டில் ஒருவர் புதிய சபையிலோ சத்சங்கத்திலோ சேர்ந்துவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

தம்பி ஒரு சபைக்குப் போக ஆரம்பித்துவிட்டான், அத்தை ஒரு சாமியார் பின்னால் போய்விட்டார் என்று தெரிந்தவுடனே வீட்டில் எல்லோரும் கேட்பது, "அங்கே அப்படி என்னதான் சொல்றாங்க?" என்பதுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனது யார் என்று விசாரியுங்கள். கூட வேலை பார்ப்பவரா, பக்கத்து வீட்டு அக்காவா, மனைவி வழி உறவா?

ஜான் லோஃப்லாண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், கொரியாவில் தோன்றிய ஒரு மதக் குழு கலிபோர்னியாவில் ஆள் சேர்த்ததைக் கூடவே இருந்து கவனித்து 1965-ல் எழுதினார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் செய்த பிரசாரத்துக்குப் பெரிதாகப் பலன் இல்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள்தான் சேர்ந்தார்கள், நம்பிக்கை பெரும்பாலும் பழக்கத்துக்குப் பிறகே வந்தது என்பது அவர்கள் கண்டது.

அடுத்து, சேர்வதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்: வேலை போனதா, கல்யாணம் தட்டிப்போனதா, கடன், குழந்தையில்லை என்ற பேச்சு, இல்லை ஊர் மாறி வந்ததா. கடைசியாகச் சொன்னதை நம் பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ இருக்கும்வரை பங்காளிகள் இருக்கிறார்கள், மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் எல்லோரும் கூடுகிறார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமலே ஆள் வந்து நிற்கும். அதே குடும்பம் மதுரைக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு நகரில் வாடகைக்கு வந்துவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூடச் சொல்ல நாதியில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து பெயர் சொல்லி விசாரித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வருகிற ஒரு குழுவை எப்படி வேண்டாம் என்பார்கள்?

மூன்றாவதாக, அங்கே அவருக்கு என்ன பொறுப்பு என்று பாருங்கள். வீட்டில் அடுப்படியை விட்டு வெளியே பேச்சே எடுபடாத ஒரு பெண், அங்கே ஜெபம் நடத்துகிறார், பாட்டு ஆரம்பித்து வைக்கிறார், கணக்கு எழுதுகிறார். மேல்மருவத்தூரில் பெண்கள் மாதவிலக்கு நாட்களிலும் கருவறைக்குள் போய்த் தாங்களே பூசை செய்யலாம் என்ற ஒன்று எத்தனை பேரை இழுத்தது என்பதை, செவ்வாடை கட்டிய நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் தெரியும். மரியாதைக்கு அவ்வளவு பலம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும், கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்திய வைத்தியநாத ஐயரோடு நுழைந்தது 1939 ஜூலை 8-ல்தான். அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் தங்களை உட்கார வைத்துப் பேசிய இடத்தைத் தேடிப் போனதில் என்ன ஆச்சரியம்?

மூளைச்சலவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லண்டனில் ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர் அதே கொரியக் குழுவை ஆராய்ந்தபோது, அதன் பயிற்சி முகாமுக்குப் போனவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் சேரவே இல்லை, சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில வருடங்களில் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். அப்படி வெளியே வர நினைப்பவருக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்க வேண்டும். அதனால் சாமி பெரிதா உங்க குரு பெரிதா என்று வாதம் பண்ணாதீர்கள், வாதம் பண்ணினால் அவருக்கு அந்தக் குழுவை விட்டால் ஆளே இல்லாமல் போகும். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் முதல் ஆளாகக் கூப்பிடுங்கள், பிரசாதம் வாங்க மாட்டார் என்றால் வற்புறுத்த வேண்டாம், சாப்பாடு போடுங்கள்.

ஆனால் வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கேட்டாலோ, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, சொந்தக்காரர்களிடம் பேசக்கூடாது என்று தடுத்தாலோ, பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினாலோ சும்மா இருக்கக் கூடாது. அப்போதும் கடவுளைப் பற்றிப் பேச வேண்டாம், பத்திரத்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் மட்டும் பேசுங்கள், பேசுகிற ஆள் அவர் மதிக்கிற தாய்மாமனாகவோ பழைய சிநேகிதராகவோ இருக்கட்டும்.