தேதியைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

விலைவாசிக் குறியீடு தயாரிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். அரசுப் புள்ளிவிவரங்களுக்குத் தர விதிகளும் கண்காணிப்பும் ஏற்படுத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்திருந்தால், முதலில் ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் 1994-இல் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளைப் படியுங்கள். மொத்தம் பத்துதான். 2014 ஜனவரியில் பொதுச்சபையும் அவற்றை ஏற்றது.

விதிகளை எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த எண், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று ஒரு வருடத்துக்கான வெளியீட்டு அட்டவணையை இப்போதே அறிவித்துவிடுங்கள். ஒருமுறை, எண் வெளியாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "கொஞ்சம் அதிகமாத் தெரியுதே, அடுத்த வாரம் போடலாமா?" அறிவித்த தேதி என்று ஒன்று இல்லாததால் மறுக்க எங்களிடம் பிடி இல்லை. ஒன்பது நாள் தள்ளிப்போனது. எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் அதை வெளியில் யாரிடம் போய்ச் சொல்வது? இன்றும் உறுத்துகிறது.

அப்புறம், வெளியாகும் முன் எண்ணைப் பார்ப்பவர்கள் யார் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று பெயரோடு எழுதி வையுங்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் அமைச்சர்களுக்கு 24 மணி நேரம் முன்பே காட்டும் வழக்கத்தை 2017 ஜூலையில் நிறுத்திவிட்டது. முடிந்தால் நீங்களும் நிறுத்துங்கள்.

வெளியான எண்ணைப் பின்னால் மாற்றினால் அதைப் பதிய ஒரு திருத்தப் பதிவேடு வையுங்கள். அதற்குப் பழைய எண், புதிய எண், காரணம் என்று மூன்று கட்டம் போதும். பழைய எண்ணை அழிக்கக் கூடாது. காரணத்தில் 'தரவு புதுப்பிப்பு' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். 'வாடகை விவரம் இரண்டு வாரம் தாமதமாக வந்தது' என்று எழுதினால்தான் அது காரணம்.

எண்ணைத் தயாரிப்பவர்களே அதைத் தணிக்கை செய்யக் கூடாது. கிரீஸ் 2009-ஆம் ஆண்டின் அரசு பட்ஜெட் பற்றாக்குறையை முதலில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.7 சதவீதம் என்றது. அக்டோபரில் அது 12.5 ஆனது, பிறகு 15-ஐயும் தாண்டியது. அதனால் கண்காணிப்பு அமைப்பு அமைச்சருக்குக் கீழே வேண்டாம், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும். பிரிட்டனில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் செய்தது. அங்கே அமைச்சர் ஒருவர் எண்ணைத் திரித்துப் பேசினால் அந்தச் சட்டம் உருவாக்கிய புள்ளிவிவரக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவர் கடிதம் எழுதுவார், அது பொதுவெளியிலும் வரும். உங்கள் சட்டத்திலும் அந்த அதிகாரத்தை எழுதுங்கள். கடிதம் போகும் நாளிலேயே அதை வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்து.