பவுல் கவுஜின் காடி வடிவங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரத்தில் மரக்கடைசல் என்றால் இன்றும் பெரும்பாலும் கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பம்பரம் ஆகியவைதான். இவற்றில் மரத்தின் இழை லேத்தின் அச்சோடு ஒரே போக்கில் ஓடுகிறது. உப்பு மரவையையோ அகன்ற கிண்ணத்தையோ பலகைத் துண்டிலிருந்து கடையும்போது இழை அச்சுக்குக் குறுக்காக அமைவதால், ஒவ்வொரு சுற்றிலும் உளியின் வாய் இரண்டு முறை இழையின் வெட்டுமுனைகளை எதிர்கொள்ள நேர்கிறது. இந்த வேலைக்காக, உருண்டை எஃகுக் கம்பியில் ஆழமாகக் காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) எடுத்துச் செய்யப்படும் நகவுளியே பவுல் கவுஜ். அதன் காடியைக் குறுக்குவெட்டில் பார்த்தால் வி வடிவம், யு வடிவம், இரண்டுக்கும் இடைப்பட்ட பரவளைய வடிவம் என மூன்று வகைகள் தெரியும். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வி கடைசலில் புதிதாக இறங்கும் எல்லோருக்கும் எழுகிறது. ஆனால், கேட்பவர்களில் பலர் காடியை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அவற்றுள் பெரிய தவறு, காடியின் வடிவத்தைத் தனியாகப் பார்ப்பது. உளியின் வாய் என்பது காடியின் உட்புறமும் சாணையில் எடுத்த சாய்முகமும் சந்திக்கும் கோடு மட்டுமே. ஆகவே இரண்டில் எது மாறினாலும் வாய் மாறும். அமெரிக்கக் கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த் பெயரால் வழங்கும் தீட்டலில் மூக்கின், அதாவது உளியின் முன்முனையின், கோணம் ஏறத்தாழ 60 பாகை இருக்கும். மூக்கின் இருபுறமும் உள்ள வாய்ப்பகுதிகளான இறக்கைகளும் நீளமாகப் பின்னோக்கி இழுக்கப்பட்டிருக்கும். கடைசல் பயிற்றுநர் ஸ்டூவர்ட் பாட்டி பரப்பிய 40/40 தீட்டலிலோ மூக்கும் பக்கங்களும் 40 பாகையில் நிற்கும். ஒரே காடியுள்ள இரண்டு உளிகளை இப்படி வெவ்வேறாகத் தீட்டினால் அவை இரண்டு வெவ்வேறு கருவிகளாகவே நடந்துகொள்ளும். ஒருவர் வி காடியை 40 பாகையிலும் யு காடியை 60 பாகையிலும் தீட்டி வைத்துக்கொண்டு, வி காடி கூர்மையாக வெட்டுகிறது என்று சொன்னால், அவர் சொல்வது கோணத்தைப் பற்றித்தானே தவிர காடியைப் பற்றி அல்ல.

அப்படியானால் ஜிக்கை (சாணையில் உளியைக் குறித்த கோணத்தில் பிடித்துவைக்கும் சாதனம்) ஒரே அளவில் வைத்துத் தீட்டினால் நியாயமான ஒப்பீடு கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இந்தத் தவறு முந்தையதைவிட நுட்பமானது. வி காடியின் அடி குறுகலானது, பக்கச் சுவர்கள் நேரானவை. அதைப் பின்னிழுத்துத் தீட்டினால் இறக்கையின் வாய் நேர்கோட்டுக்கு நெருக்கமாக அமையும், மூக்கோ குறுகிக் கூம்பிவிடும். யு காடியில் அடி அகன்றும் சுவர்கள் செங்குத்தாகவும் இருப்பதால், மூக்கு அகன்ற வளைவாக வரும். ஆனால் அதே அளவுக்கு இறக்கையைப் பின்னிழுத்தால் அந்தப் பகுதி மெலிந்து வலுவிழக்கும். பரவளையக் காடியில் வளைவு அடியிலிருந்து சுவர் வரை முறிவில்லாமல் ஏறுவதால், மூக்கிலிருந்து இறக்கைக்கு வாய் இழைந்து செல்கிறது. எனவே ஜிக்கிலிருந்து உளி நீளும் அளவையும் ஜிக்குடைய கையின் கோணத்தையும் மாற்றாமல் மூன்றையும் தீட்டுவது, பரவளையக் காடிக்குச் சாதகமாகவும் யு காடிக்குப் பாதகமாகவும் போய்விடும். ஒவ்வொரு காடியையும் அதற்குப் பொருந்தும் தீட்டலில் நிறுத்தி, மூக்கின் கோணத்தை மட்டும் சமமாக வைத்து ஒப்பிடுவதே என் பார்வையில் சரியான முறை.

தீட்டும்போது ஏற்படும் இன்னொரு குறையும் காடியின் தலையில் விழுகிறது. மூக்குக்கும் இறக்கைக்கும் இடைப்பட்ட தோள்பகுதியைச் சாணைக்கல்லில் அதிக நேரம் நிறுத்திவிட்டால் அங்கே ஒரு பள்ளம் விழும். பக்கவாட்டில் பார்க்கும்போது இறக்கையின் விளிம்பு நேராகவோ சற்றே புடைத்தோ இருக்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால், வெட்டும்போது பள்ளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் ஒரே நேரத்தில் மரத்தைக் கவ்வி உளியை உதறித் தள்ளும். இதற்கு மருந்து சாணையில்தான் உண்டு. வேறு காடியுள்ள உளியை வாங்கி அதையும் அதே பழக்கத்தில் தீட்டினால் அதுவும் உதறும்.

அளவுப் பெயரில் உள்ள குழப்பம் சிறியதாகத் தோன்றினாலும் ஒப்பீட்டை அடியோடு கெடுத்துவிடும். இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் காடியின் அகலத்தையும், அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கம்பியின் விட்டத்தையும் அளவாகச் சொல்வது வழக்கம். ஆகவே முன்னவர்களின் அரை அங்குல உளி, பின்னவர்களின் 5/8 அங்குல உளிக்குச் சமம். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், காடியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தாலும், 5/8 அங்குலக் கம்பி அரை அங்குலக் கம்பியைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு விறைப்பானது. இரண்டுக்கும் "அரை அங்குலம்" என்றே சீட்டு ஒட்டியிருந்தால், அதிராமல் வெட்டுவது காடியால்தான் என்று நம்புவது எளிது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டைத் தாண்டி உளி நீட்டிக்கொண்டிருக்கும் தூரமும் அப்படித்தான்: நீட்சி இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். இரண்டு உளிகளையும் ஒரே நீட்சியில் வைத்துப் பார்க்காத சோதனை எதையும் காட்டாது.

எஃகின் வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. லாரியின் கமான் பட்டையைப் பட்டறையில் அடித்துச் செய்த நகவுளிகள் கட்டில் கால் கடைவதற்கு நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் பெஞ்ச் கிரைண்டரில் வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அவற்றின் பதம் போய்விடும். சூட்டைத் தாங்கும் கலவை எஃகான எம்2 வகை ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு அந்தச் சூட்டில் அப்படி ஆவதில்லை. பட்டறை உளி சீக்கிரம் மழுங்குவதைக் காடியின் குறையாகக் கொள்வது அந்தக் கொல்லருக்குச் செய்யும் அநியாயம்.

வடிவ ஒற்றுமையைப் பார்த்து, கட்டில் கால் போன்ற நேரிழை வேலையில் கட்டையை உருட்டுவதற்கான ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் வைப்பதை மட்டும் தவறு என்பதைவிட ஆபத்து என்றே சொல்ல வேண்டும். அதன் அகன்ற யு வடிவம் "பெரிய பவுல் கவுஜ்" போலத் தோன்றும். ஆனால் அதன் தண்டு பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய பட்டை வாலாகக் குறுகியிருக்கும். குறுக்கிழையில் உளி சிக்கினால் அங்கேதான் முறியும். கட்டில் கால் வேலையில் கைதேர்ந்தவர்களே இதைத் துணிந்து செய்யக் கூடும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதிக்கும் மரமும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மாமரத்தில் ஈரச் சுருள்கள் நீளமாக வந்து குறுகிய காடியில் அடைத்துக்கொள்ளக்கூடும். அகன்று திறந்த காடியில் அவை வழுக்கி வெளியேறும். சித்திரை வெயிலில் காய்ந்த வேம்பில் இந்த வேறுபாடு தெரியாது. அங்கே பின்னிய இழை பிய்வதுதான் சிக்கல், அதைத் தீர்ப்பது கூர்மையும் வெட்டும் கோணமும். வாகையும் வேம்பைப் போலவே இழை பின்னியது, அதன் தூள் தும்மலையும் வரவழைக்கும். பூவரசு மென்மையாகக் கடையக் கூடியது என்பதால் எந்த உளியும் அதில் நல்ல உளியாகவே தெரியும். ஒப்பீட்டுக்கு அது உதவாது.

கிண்ணத்தின் ஆழத்தைக் கருதாமல் தீர்ப்புச் சொல்வதும் வழக்கமாக உள்ளது. ஆழமான மரவையின் உட்புறத்தில், பக்கச் சுவரிலிருந்து அடிக்குத் திரும்பும் இடத்தில், 40 பாகை மூக்குள்ள உளியின் தண்டு விளிம்பில் முட்டிவிடுவதால் சாய்முகம் மரத்தில் படிவதில்லை. அங்கே 60 பாகைக்கு மேல் நிமிர்ந்த மூக்கு வேண்டும். பின்னிழுப்பில் தோற்றுப்போன யு காடி, இறக்கையைக் குட்டையாக வைத்து இப்படி நிமிர்த்தித் தீட்டும்போது தன் இடத்தைக் கண்டுகொள்கிறது, அகன்ற மூக்கு அடிப்பரப்பில் வரிகளைக் குறைக்கிறது. வி காடியின் குறுகிய மூக்கு அதே இடத்தில் வரிவரியாகத் தடம் விட்டுச் செல்லும்.

வாங்கும்போது பலர் பார்க்காத ஒன்று காடியின் உட்புறப் பளபளப்பு. காடி வெட்டிய எந்திரத்தின் வரிகள் உள்ளே அப்படியே இருந்தால், வெளியே எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டினாலும் வாய் ரம்பப்பல் போலவே இருக்கும். வழவழப்பான காடியுள்ள உளியின் அருகில் வைத்தால் அது தோற்கத்தான் செய்யும். உருண்டைக் குச்சியில் நுண்ணிய எமரித்தாளைச் சுற்றி, வாய்க்கு அருகிலுள்ள பகுதியை மட்டும் தேய்த்து வரிகளை எடுத்துவிட்டு ஒப்பிடலாம். ஒரே ஓர் உளிதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு 16 மில்லிமீட்டர் கம்பியில் பரவளையக் காடி உள்ளதை 55 பாகையில் தீட்டிக்கொள்ளச் சொல்வேன். இரண்டாவது வாங்கும் நிலை வந்தால் அது அடிப்பரப்புக்கான யு காடியாக இருக்கட்டும். வி காடி மூன்றாவதாக வந்தால் போதும்.