மிஷன் வீட்டுச் சாமான் கட்டுவது எப்படி

கொடைக்கானலில் வெளிநாட்டுப் பாதிரிமார் குடும்பங்கள் தங்கும் மிஷன் வீடுகளில் 31 வருஷம் சமையலும் வீட்டு மேற்பார்வையும் பார்த்தவள் நான். அந்தக் காலத்தில் ஆறு குடும்பங்கள் தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போயின. ஆறு வீட்டுச் சாமானையும் கூட நின்று கட்டிக் கொடுத்தேன். இப்போது என் அண்ணன் மகள் வேலை பார்க்கிற வீட்டு ஐயாவும் அம்மாவும் ஏப்ரலில் கிளம்புகிறார்கள். "அத்தை, எதுல ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நம் ஆட்கள் யாருக்காவது இந்த வேலை வந்தால் உதவும்.

வெயிலில் ஆரம்பியுங்கள். பெட்டியைக் கடைசியில் எடுத்தால் போதும்.

மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள், 1845-இல் இந்த மலையில் இரண்டு வீடு கட்டினார்கள். ஊர் அப்படித்தான் உண்டானது. அவர்களைப் பிழைக்க வைத்த இதே குளிர்தான் சாமானைக் கெடுக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரம். மதியம் தாண்டினால் பனிமூட்டம் சன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். கம்பளி, புத்தகம், தோல் பை எல்லாமே ஓதத்தைக் குடித்துவைத்திருக்கும். அப்படியே பெட்டியில் போட்டு மூடிக் கீழே வத்தலக்குண்டு வெக்கைக்குக் கொண்டுபோனால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும்.

நான் முதல் தடவை கட்டியது நவம்பர் அடைமழையில். பயண தேதி அப்படி அமைந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளின் போட்டோ ஆல்பம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டதாம். பிரித்தால் முகம் உரிந்து வருகிறதாம். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை இன்னும் நான் மறக்கவில்லை.

அதனால் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை கிடைக்கிற வெயிலை விடாதீர்கள். ஏப்ரல் பயணமானாலும் வேலையைப் பிப்ரவரியில் தொடங்குங்கள். கோடை மழை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

புத்தகத்தை இப்படிக் காய வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல், புல்லில் பனி வற்றிய பிறகு, வராந்தாவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மேலே பழைய வேட்டியை விரியுங்கள். புத்தகத்தைப் படுக்க வைக்காமல், பக்கங்களை விசிறிபோல் பிரித்து நிற்க வையுங்கள். காற்றுதான் முக்கியம், தோல் அட்டை போட்ட பழைய பைபிளை உச்சி வெயிலில் காட்டினால் வெடித்துவிடும், அதற்கு நிழல் போதும். பூசணம் பூத்த அட்டையை வெளியில் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்துணி ஆகவே ஆகாது. மூன்று மணிக்குப் பனி ஏறுமுன் உள்ளே கொண்டுவந்து, கணப்பு எரிகிற அறையில் ராத்திரி வைத்திருங்கள். இதுபோல் மூன்று நாள். முதுகுப் பக்கத்து இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும். கம்பளிக்கும் இதே கணக்கு. மடிப்புக்குள் காய்ந்த தைலமர இலை வைக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டாம், அதன் நெடி பிஞ்சுக் குழந்தைக்கு ஆபத்து.

பீங்கானைச் செய்தித்தாளில் சுற்றுவதற்கு முன் ஒரு சுற்று வெள்ளைத் தாள் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மை பிடிக்கும். இடைவெளியில் வைக்கோல் திணிக்காதீர்கள். பல நாடுகளில் அதை இறக்கத் தடை. கப்பலில் மரப்பெட்டி அனுப்பினால், அந்த மரம் சூடுகாட்டிப் பதப்படுத்திய முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். தச்சரிடம் பலகை வாங்கி அடித்த பெட்டி செல்லாது. நடைப்பயணப் பூட்ஸின் அடியில் இருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டிக் கழுவுங்கள். விதை, கிழங்கு, மண் எதையும் ஆசைக்காகக்கூட வைக்க வேண்டாம்.

மலையிலிருந்து கீழே போகும்போது இன்னொன்று நடக்கும். இங்கே காற்றழுத்தம் குறைவு. இங்கே மூடிய பிளாஸ்டிக் பாட்டில் கீழே போனதும் ஒடுங்கி நசுங்கும். ஊறுகாய் டப்பா மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். கீழே கோடை ரோடு ரயில் நிலையம் போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதை நம் வீட்டுக்கே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பங்களாக்களில் சுவரில் காட்டெருமைக் கொம்பு, கடமான் கொம்பு தொங்கும். யார் எப்போது மாட்டியது என்று இருக்கிறவர்களுக்கே தெரியாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது வெளிநாடு போகக் கூடாது. வனத்துறையிடம் பேசி ஒப்படைக்கச் சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட விளக்கு, சிலை, 75 வருஷத்துக்கு மேற்பட்ட ஓலைச்சுவடி போன்றவையும் போகாது. பழசா புதுசா என்று சந்தேகமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வரும். விசா, பதிவுக் காகிதமெல்லாம் ஐயா பாடு.

இப்போது நம் பாடு. இதைக் கேட்க நாம் கூசுகிறோம். வேறொரு வீட்டில் 22 வருஷம் சமைத்த என் சிநேகிதிக்குக் கடைசி நாளில் இரண்டு மூட்டைப் பழந்துணியும் ஒரு கடிகாரமும் கொடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். கம்பெனியில் ஐந்து வருஷம் தாண்டி விலகுகிறவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டம் கொடுக்கிறது. வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் வராது. ஆனாலும் அந்தக் கணக்கையே முன்னால் வையுங்கள்: மாதச் சம்பளத்தைப் பதினைந்தால் பெருக்கி, வருஷத்தால் பெருக்கி, 26-ஆல் வகுக்க வேண்டும். 6,000 ரூபாய் சம்பளம், 22 வருஷம் என்றால் 76,000-க்குச் சற்று மேலே வரும். கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே கேளுங்கள். பெட்டி கட்டுகிற வாரத்தில் யார் கையிலும் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. பேங்கில் போடச் சொல்லுங்கள். கூடவே கையெழுத்துப் போட்ட நற்சான்றுக் கடிதம் ஒன்று, என்னென்ன சமைப்பீர்கள் என்பது உட்பட. என் அம்மா அப்படி ஒன்பது கடிதத்தைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். அடுத்த வீட்டுக் கதவு ஒவ்வொரு தடவையும் அதனால்தான் திறந்தது.

அந்த வீட்டுப் பிள்ளைகளை மறக்காதீர்கள். பெரியவர்களுக்குத்தான் அது சொந்த ஊர். இங்கே பிறந்த பிள்ளைக்கு ஊரே இதுதான். பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு சாமான் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அது எதுவானாலும் மறுக்காமல் வையுங்கள். ஒரு பெண் குழந்தை அடுப்படி முக்காலியைக் கேட்டது. நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் அது உட்கார்கிற முக்காலி. "எடை கூடும்" என்றார் ஐயா. கால்களைக் கழற்றிப் போர்வைக்குள் சுருட்டிவைத்தேன். ஆணிகளைத் தீப்பெட்டியில் போட்டு அந்தக் குழந்தை கையிலேயே கொடுத்தேன்.

கல்லறையில் அவர்களுடைய யாராவது இருந்தால், கடைசி வாரத்துக்கு முன்பே கூட்டிப் போங்கள். புல்லைச் செதுக்கி, எழுத்து தெரியும்படி கல்லைத் தேய்த்து, இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அங்கேயே நின்று பேசி முடிக்க வேண்டும்.

கிளம்புகிற காலையில் இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். பெருமாள்மலை தாண்டுமுன்னே பிள்ளைகள் வாந்தி எடுக்கும். எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொண்டே போகட்டும். வத்தலக்குண்டு வந்ததும் வியர்க்கும், அங்கே கழற்றுவார்கள். அடுத்த குளிருக்குள் பிள்ளைகளுக்கு அது சின்னதாகிவிடும். டாக்ஸிக்காரரிடம் சொல்லிவையுங்கள், திரும்பி வரும்போது கொண்டுவந்து கொடுப்பார்.